எந்த முப்பத்தெட்டு

பௌடர் ஆறு என்று பெயர்.
வெடிமருந்து ஒன்றும் ஓடவில்லை அதில்,
சேறுதான், கோடையில் அதுவும் பாதி.
மொன்டானாவில் அதன் கரையோரம் என் கடை:
ஆணி, கொக்கி, கோழித்தீவனம்,
பின்சுவரில் பூட்டிய கண்ணாடிக்குள் தோட்டாக்கள்.

நவம்பர் கடைசி. பூட்ஸின் பனியை வாசலில் உதறிவிட்டு
வெர்னா ஸ்டொக்கெ உள்ளே வந்தாள்.
துண்டில் சுற்றிய ரிவால்வரைக் கவுண்டரில் வைத்தாள்,
மீன் வைப்பதுபோல.
"கோழிக்கூட்டுக்கு அடியில் ஸ்கங்க் புகுந்திருக்கிறது.
முப்பத்தெட்டு ஒரு டப்பா கொடு."

எந்த முப்பத்தெட்டு, என்றேன்.

"முப்பத்தெட்டில் எத்தனை முப்பத்தெட்டு?"

இருக்கிறது.
குட்டையும் தடியுமாய் ஒன்று,
நெட்டையும் ஒல்லியுமாய் ஒன்று.
பேச்சில் இரண்டும் ஒரே எண்;
பித்தளையின் அடிவட்டத்தில்தான் ஊரும் பேரும்.
நேர்மாறாகவும் உண்டு:
தன் இரும்பில் போட்டிக்காரன் பெயரைப் பொறிக்க
மனம் வராத கம்பெனி ஒன்று
அதே குட்டைக்கு வேறு பெயர் வைத்தது.
கரையும் கறையும்போலச் சில,
ஆழியும் கடலும்போலச் சில.
வாங்க வருகிறவர்கள் காதால் வாங்குகிறார்கள்.

"அப்படி என்ன பெரிய வித்தியாசம்?"

காகிதம் இரண்டு தாள் கனம்.

அவள் சிரிக்கவில்லை. கோட்டுப் பையிலிருந்து
புகையிலை டப்பா ஒன்றை எடுத்துக் கவிழ்த்தாள்.
"எய்னர் சுட்டது இவை. கை சுருக்கென்றது என்பான்.
துப்பாக்கிக்கு வயசாகிவிட்டது என்பான்."
ஒன்பது வெற்றுக்கூடுகள்.
இடுப்பு வீங்கி, நீளவாக்கில் வெடித்து,
பழுத்த வெள்ளரிபோல.

உருளையைச் சாய்த்து ஆறு அறைகளிலும் விளக்கடித்தேன்.
கடல் தாண்டி யுத்தம் பார்த்துவிட்டு வந்த துப்பாக்கி.
பிறந்தது குட்டைக்கு.
திரும்பி வந்தபின் எவனோ, விலைபோக வேண்டுமென்று,
அறைகளை நீளமாய்க் குடைந்திருக்கிறான்.
நீளத்தைக் கூட்டலாம்.
அகலத்தைக் குறைக்கும் அரம் இன்னும் வரவில்லை.
நெட்டை உள்ளே வழுக்கிக்கொண்டு போகும்;
தாங்கிப் பிடிக்கச் சுவர் தொலைவில் இருக்கும்;
பித்தளை தானே சுவர்வரை போய்ப் பார்க்கும்.
கிழியும்.

குழலின் பக்கவாட்டைக் காட்டினேன். தேய்ந்த எழுத்துகள்.
கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு
ஒவ்வொன்றாய்ப் படித்தாள்.
"சரி. அப்படியானால் குட்டையைக் கொடு."

அதுவும் வேண்டாம், வெர்னா.
குடைந்தவன் கை எப்படிப்பட்டதென்று எனக்குத் தெரியாது.
இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது,
இரண்டுக்கும் வீடாக இல்லை.
மைல்ஸ் சிட்டியில் துப்பாக்கி ரிப்பேர்காரர் இருக்கிறார்,
அவர் பார்த்துச் சொல்லும்வரை சுடாதே.

அவள் கூடுகளைத் திரும்ப அள்ளும்போதுதான் பார்த்தேன்,
டப்பாவின் அடியில் மடித்து வைத்த அட்டைத் துண்டை.
தோட்டா டப்பாவின் மூடி.
அதில் விலைச்சீட்டு.
ஏழின் நடுவே கோடு போடுகிறவன்
இந்தக் கவுண்டியில் நான் ஒருவன்தான்.

மான் வேட்டைக் காலம், கடை நிறைய ஆள்.
தொலைபேசியில் எய்னர்: முப்பத்தெட்டு இருக்கா?
இருக்கு, என்றேன்.
தோளில் ரிசீவரை இடுக்கியபடியே
கை போன தட்டிலிருந்து எடுத்து வைத்தேன்.
எந்த, என்று ஒரு சொல்.
இரண்டே எழுத்து.

"அவன் செத்தது இதயத்தால்," என்றாள் வெர்னா.
நான் எதுவும் கேட்கவில்லை.
"மார்ச்சில். தூக்கத்தில்."

பிறகு கூடு ஒன்றை எடுத்து
கீழுதட்டில் சாய்த்து ஊதினாள்.
விசில் வரவில்லை.
பிளவு வழியே காற்று மட்டும்.
இன்னொன்றை எடுத்தாள். அதுவும் அப்படியே.

ஸ்கங்குக்கு என்ன செய்வது என்றாள்.
கூட்டைச் சுற்றிக் கம்பிவலை, ஒரு அடி ஆழம் புதைத்து.
பத்து கெஜம் வெட்டினேன்.
காசு வேண்டாம் என்றேன்.
"ஏன்?" என்றாள்,
நேராக என்னைப் பார்த்து.

கணக்கில் எழுதிக்கொண்டேன்.