நாற்பத்தெட்டு கிளாஸ்

மாத்திரை டப்பாவுக்குள் பஞ்சை அடைக்கச் சொன்னவள்
பெஞ்சலம்மாதான்.
பஸ் குலுங்கினால்
டப்பா பேசிவிடும் அக்கா, என்றாள்.
அதற்குமுன் சங்கத்தில் நாங்கள் ஏழு பெண்கள்
இரண்டு நாள் பயிற்சிக்குப் போயிருந்தோம்.
சான்றிதழும் உண்டு, ஃபிரேம் போட்டது.
பஞ்சைப் பற்றி அங்கே யாரும் சொல்லவில்லை.

ஊத்துக்கோட்டையில் இருப்பவர்கள்
எல்லை தாண்டி அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்.
அந்தப் பக்கத்தார் இந்தப் பக்கம் வருகிறார்கள்.
அறிந்த முகம் இல்லாத ஊரில்தான்
சொந்தப் பெயரைச் சொல்ல முடிகிறது.
செக்போஸ்ட்டில் இரண்டு பஸ்ஸும் நிற்கும்,
ஜன்னலுக்கு ஜன்னல்.
சாராயம் தேடுகிற போலீஸ்காரர்
பைகளை அமுக்கிக்கொண்டே வருவார்.
எதிர் ஜன்னலில் ஒருத்தி
பையை மடியில் இறுக்குவாள்.
நாங்களும் இறுக்குவோம்.
அவ்வளவுதான் அறிமுகம்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.
முதல்முறை அவள் என் வீட்டுக்கு வந்தபோது
விளிம்பு நசுங்கிய டம்ளரில் டீ கொடுத்தேன்.
அடையாளம் இருக்கட்டும் என்று.
தொட்டால் வராது, டம்ளரால் வராது:
எல்லாம் மனப்பாடம்.
கை மட்டும் வேறு பள்ளிக்கூடத்தில் படித்திருந்தது.
அடுத்த மாதமும் அதே டம்ளர்.
மூன்றாம் மாதம் அவளே அடுப்படிக்குப் போய்
அதைத் தேடி எடுத்துவந்து
என் முன்னால் வைத்தாள்.
“இதுதானே நம்மது?”

எங்கள் கோயிலில் வெள்ளிப் பாத்திரம் ஒன்றுதான்.
தாத்தாமாரின் மீசை நனைந்த பாத்திரம்.
பெஞ்சலம்மா பீடத்தண்டை மண்டியிட்ட மறுமாதம்
கமிட்டி கூடியது.
யாரையும் மனதில் வைத்து அல்ல,
பொதுச் சுகாதாரம் கருதி,
என்று மினிட்ஸ் நோட்டில் இருக்கிறது.
பாரிமுனையிலிருந்து வந்து இறங்கின
நாற்பத்தெட்டு குட்டிக் கிளாஸ்.

கழுவுவது சங்கத்தின் முறை.
ஒரு சனிக்கிழமை, சோப்பு நுரைக்குள்,
ஒரு கிளாஸின் அடியில் தட்டுப்பட்டது
சிவப்பு நெயில் பாலிஷ்.
ஒரே ஒரு பொட்டு.
யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை.
ஏழு பேரில் நகத்துக்குப் பூசுகிறவள்
ஜெயசுகந்தி மட்டும்தான்.
செங்கல் சூளையில் வேலையில்லாத மழைமாதங்களில்
பெஞ்சலம்மாவின் மகளுக்கு ஃபீஸ் கட்டுகிறவளும்
அவளேதான்.
என் நசுங்கிய டம்ளர் ஞாபகம் வந்தது.
எந்த வாயால் கேட்பது?

சாயந்தரம் ஃபேன்சி ஸ்டோரில்
அதே சிவப்பில் ஒரு பாட்டில் வாங்கினேன்.
இந்த வயதிலா, என்பதுபோல் பார்த்தான் பையன்.
உடுப்பு அறையில் தனியாக உட்கார்ந்து
ஒவ்வொன்றாய்க் கவிழ்த்துவைத்துப் பொட்டு வைத்தேன்.
முப்பத்தோராவது கிளாஸில் பாட்டில் வறண்டது.
பதினாறு மிச்சம்.
விளக்கை அணைத்துவிட்டு வந்தேன்.
ஜெபம் எதுவும் பண்ணவில்லை.

ஞாயிறு.
வழக்கம்போலக் கடைசி வரிசையில் கடைசியாய் வந்தாள்.
வழக்கம்போல அவளிடம் வருகையில்
தட்டில் ஒன்றுதான் இருந்தது.
குடித்தாள். கவிழ்த்துப் பார்த்தாள்.
அவள் எப்போதும் கவிழ்த்துப் பார்ப்பாள் போல.
பிறகு பக்கத்துத் தட்டில்
காலியாய்க் கிடந்ததை ஒன்று எடுத்தாள்.
அதிலும் பொட்டு.
இன்னொன்று. அதிலும்.
தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன்.
சிரிப்பு.
திரும்பி என்னிடம் கேட்டாள்:
“நாதி ஏதி அக்கா?”

என்னுடையது எது என்று
தெலுங்கில்தான் கேட்டாள்.
என் தமிழ்க் காதில்
அது வேறொன்றாக விழுந்தது.
ஐயர் ஆசீர்வாதம் சொல்லும்வரை
என்னால் நிமிர முடியவில்லை.

கோயில் கலைந்தபின்
கிளாஸ்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
ஜெயசுகந்தி வந்து நின்றாள்.
ஒன்றைக் கையில் எடுத்தாள்,
பொட்டில்லாததை.
நெடுநேரம் அதையே பார்த்தாள்.
பிறகு கைப்பையைத் துழாவி
ஒரு சின்னப் பாட்டிலை
என் மடியில் போட்டுவிட்டு
செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போனாள்.

பாதி இருந்தது.