திங்கட்கிழமை, மதியக் காட்சி

திங்கட்கிழமைகளில் யாரும் நடப்பதில்லை.
மேடைகள் கழற்றப்பட்டு
லாரியில் வெறும் பலகைகளாகக் கிடக்கும்.
அதனால்தான் மதியக் காட்சி.
ஜோகேஸ்வரி ஸ்டேஷனுக்குக் கிழக்கே,
ஏசி செத்துப்போய் விசிறிகள் மட்டும் சுற்றுகிற அரங்கில்
ஃபிர்தௌஸ் இரண்டு டிக்கெட் எடுத்தாள்.
தேநீருக்கே சில்லறை இல்லை என்கிறவள்.
நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

மாடலிங் உலகத்தைப் பற்றிய படம் என்று
சுவரொட்டியில் ஒரு நீளக் கால் சொன்னது.

கதை தெரிந்ததுதான்.
பட்டிண்டாவிலிருந்து ஒருத்தி வருகிறாள்,
ஒரு சூட்கேஸ், வாசலில் முறைக்கும் ஓர் அப்பா.
இடைவேளைக்குள் அவள் முகம்
பாந்த்ரா மேம்பாலத்துக்கு மேல் நாற்பதடிக்கு விரிகிறது.
இடைவேளைக்குப் பின் சிகரெட்.
ஹிந்திப் படத்தில் கதாநாயகி சிகரெட்டைத் தொட்டால்
விழப் பத்து நிமிடம்தான் என்று
முன்வரிசைப் பையன்களுக்கும் தெரியும்.
விசிலடித்த அதே வாயால்
உச்சுக்கொட்டத் தயாரானார்கள்.

நான் கதையைப் பார்க்கவில்லை.
பதினோரு வருடம் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று
மற்றவர்களுக்கு உடை மாட்டிவிட்ட கண்
வேறு எங்கோதான் போகும்.

அவளுக்குச் செருப்பு பொருந்தியது.
எல்லா மேடையிலும், எல்லா ஜோடியும்.
நிஜத்தில் ஒரே அளவில் ஒரு பெட்டி வரும்;
சின்னக் காலுக்கு நுனியில் டிஷ்யூ திணிப்போம்,
பெரிய காலுக்கு வாஸலின்.

ஒரு காட்சியில் அவள்
இரண்டு உடைகளுக்கு நடுவே அழுதாள்.
உட்கார்ந்து. கண்ணாடி முன். வயலின்களோடு.
எங்களிடம் இருப்பது நாற்பது விநாடி.
அதில் ஜிப், அதில் கொக்கி, அதில் காதணி.
அழுகிற பெண்களும் உண்டுதான்,
கைகளைத் தூக்கியபடியே அழுவார்கள்,
ஜிப்பை நாங்கள் ஏற்ற வசதியாக.

அந்தப் படம் முழுக்க
முதுகில் ஓர் ஊக்கு இல்லை.
நான் பார்த்த பேரழகு எதுவும்
முன்பக்கம் உடை, பின்பக்கம் ஊக்கு.
இதை யாரிடம் சொல்ல,
சமோசாத் தட்டோடு வருகிறவரிடமா?

டிசைனராக வந்தவர் மட்டும் சரியாகக் கத்தினார்.
அந்த ஒருவரை நம்பினேன்.
கத்திய பிறகு தண்ணீர் கேட்டாரே, அதையும்.

ஃபிர்தௌஸ் சமோசாவைத் தொடவில்லை.
மடியில் கை கோத்து,
பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவள்போல.

கடைசி மேடை.
"இப்போது பார்" என்று என் முழங்கையைப் பிடித்தாள்.
வெள்ளை உடையில் கதாநாயகி திரும்புகிறாள்,
கூட்டம் எழுந்து நிற்கிறது,
பட்டிண்டா அப்பாவும் நிற்கிறார்,
எங்களுக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்.
நானும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
திரையின் இடது ஓரத்தில், கறுப்புத் துணியின் மடிப்பில்
ஒரு கை.
உடையின் விளிம்பு தரையில் புரளாமல் பிடித்திருந்தது,
சரியான நொடியில் விட்டது.
மணிக்கட்டில்
இஸ்திரிப்பெட்டி போட்ட பிறைத் தழும்பு.
அதற்குள் கேமரா நட்சத்திரத்தோடு போய்விட்டது.

மார்ச்சில் மூன்று நாள் அவள் வேலைக்கு வரவில்லை.
மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்றாள்.

பெயர்கள் ஓடி முடியும்வரை உட்கார்ந்திருந்தோம்.
ஒளி, ஒலி, உணவு, வாகனம்,
நாய்க்குப் பயிற்சி கொடுத்தவர்
(நாய் எப்போது வந்தது?),
நன்றிக்குரிய ஒரு வங்கி.
பெருக்க வந்தவன் கால்களைத் தூக்கச் சொன்னான்.
தூக்கினோம்.

போரிவலி ஸ்லோ வரும்வரை அவள் பேசவில்லை.
பெண்கள் பெட்டியில் தோளால் இடம் பிடித்துக்கொண்டே கேட்டாள்:
"மோதிரம் தெரிந்ததா?"
"தெரிந்தது" என்றேன்.
தெரியவில்லை.

"ஒன்பதாவது டேக் அது.
எட்டு தடவை அவள்தான் தப்பாகத் திரும்பினாள்.
நான் ஒரு தடவைகூடத்
தப்பாக விடவில்லை."