காத்திரு, மூன்று நொடி

புதன்கிழமை, முதல் பாடவேளை.
பதினேழு கைக்கணினிகளில் பதினாறுக்கு மின்னூட்டம் இருந்தது.
பதினேழாவதை வடத்தோடு சேர்த்துச்
சுவரோரம் வைத்தேன்,
கடைசியாக வருபவனுக்கு.

மார்சிலிங்கில் விடியலிலிருந்தே மழை.
சன்னல் பட்டைகளில் சாரல்.
திரையில் ஒரு நீர்நாய்,
யாராவது ஏதாவது சொல்லட்டும் என்று நிற்கிறது.

இந்தக் கட்டைகளைத் தமிழுக்கு மாற்றலாம் என்பது
நேற்று மதியம் வரை எனக்கே தெரியாது.
மாற்றிக் கொடுத்ததும் வகுப்பு வாயடைத்துப் போனது.
பிறகு அஃப்ரின்
எழுத்துக் கூட்டினாள்: ப-த்-து அ-டி ந-கர்.
படித்துவிட்டுத் தானே எழுந்து நகர்ந்தாள்,
எண்ணிப் பத்து அடி,
குப்பைத்தொட்டி வரைக்கும்.

"இஃப் எங்க டீச்சர்?"
ஹர்ஷிதன் வாக்கியத்தின் முன்னால் தேடுகிறான்.
முன்னால் இருக்காதுடா.
நம்மிடம் அது வினையின் வாலில் தொங்கும்.
வந்தால். தொட்டால். விழுந்தால்.
"அப்போ கடைசி வரைக்கும் கேட்டாத்தான் தெரியுமா?"
ஆமாம்.
பத்தொன்பது வருடமாய் இலக்கணம் நடத்துகிறேன்,
இத்தனை சுருக்கமாய் நான் சொன்னதில்லை.
இப்போது சொன்னதும் நானில்லை.

'எப்போதும்' என்ற கட்டைக்கு
வாய் திறந்திருக்கும்.
"படுத்துக்கிட்ட ப" என்றாள் யாரோ ஒருத்தி,
அதுவே பெயராகிவிட்டது.
ஓரத்தைத் தொட்டால் திரும்பு என்றோம்;
நீர்நாய் திரும்பியது,
தலைகீழாக.
முதுகால் நடந்தே கடலைக் கடந்தது.
அதைத் திருத்தவே கூடாதென்று
மூன்று பேர் சத்தியம் வாங்கிக்கொண்டார்கள்.

ருவேந்திரன் வந்தபோது
காலணி சதசதவென்றது.
சுவரோரம் உட்கார்ந்தான்,
நீர்நாயை அழித்தான்,
பேருந்து ஒன்று வரைந்தான். மஞ்சள். சக்கரம் மூன்று.

அது ஓர் அடி நகர்ந்தது. நின்றது.
ஓர் அடி. நின்றது.
மற்றவர்களின் நீர்நாய்கள் இதற்குள்
அக்கரை போய், திரும்பி,
ஆட்டமும் போட்டுவிட்டன.

குனிந்து பார்த்தேன்.
படுத்த ப-வின் வாய்க்குள்
ஓர் அடி நகர்,
அதன் கீழே
காத்திரு, மூன்று நொடி.

பிழை கண்ட கை, கேட்காமலே நீண்டது.
'காத்திரு'வை உருவி ஓரத்தில் போட்டேன்.
பேருந்து பாய்ந்து திரையை விட்டே போனது.
"பார்த்தியா?"

அவன் பார்க்கவில்லை.
கட்டையை எடுத்து
அதே பல்லிடுக்கில் மறுபடி செருகினான்.
"பிழை இல்ல டீச்சர்.
அது பாலம்."

நாலேகாலுக்கு எழுகிற பிள்ளை.
ஜொகூர் பாருவில் பல் தேய்த்து
இரண்டு குடிநுழைவுக் கூடங்கள்,
இரண்டு வரிசைகள் தாண்டி
மேல் பொத்தானைப் பேருந்தில் போட்டுக்கொள்கிற பிள்ளை.
என் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே
இந்த மாதம் மட்டும் ஐந்து முறை
'தாமதம்'.
கையெழுத்து என்னுடையது,
அழகாகத்தான் இருக்கிறது.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.
எப்போது போய்ச் சேரும் இது?
"வெள்ளிக்கிழமைன்னா
இன்னும் ரெண்டு காத்திரு போடணும்."
மழை பெய்தால்?
வாலைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னேன்.
அவனுக்குப் பிடிபட்டது, சிரித்தான்.
"பெய்தால்..., நாலு."

அஃப்ரின் வந்து தோளில் சாய்ந்தாள்.
ஹர்ஷிதன் தன் நீர்நாயை
அந்தப் பாலத்தில் விடலாமா என்று கேட்டான்.
"விடலாம். வரிசைல நிக்கணும்."

மணி அடித்தது.
பதினாறு திரைகள் மூடின.
அடுத்த வகுப்புக்காக வந்த மிஸ் குவெக்
வாசலில் நின்று கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினார்.

நான் மூன்று விரல் காட்டினேன்.
அவர் மூன்று நிமிடம் என்று நினைத்திருக்கலாம்.

பேருந்து ஓர் அடி நகர்ந்தது.