தலைப்பை ஒட்டி இல்லை

சேரம்பாடியில் ஐந்து மணி பஸ்.
யோகராணி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.
மடியில் ஒரு பிளாஸ்டிக் பை,
இந்த மலையில் தடை செய்த பொருள்,
வயநாட்டுக் கடையிலிருந்து வந்தது.
வாந்தி வந்தால் அதற்கு,
வராவிட்டால் பரிசு கொண்டுவர
என்று அவளே சொன்னாள்.
நடுவட்டம் ஏறும் வளைவொன்றில்
பை எதற்கென்று முடிவாகிவிட்டது.

ஊட்டியில் அந்தப் பள்ளிக்கூடம்.
மரத்தரை. நடந்தால் நடப்பது கேட்கும்.
அவள் செருப்பைக் கழற்றிக்
கையில் எடுத்துக்கொண்டாள்.
மூலையில் பியானோ, துணி போர்த்தி,
காய்ச்சல்காரரைப் போல.
கரும்பலகையில் தலைப்பு எழுதினார்கள்:
பசி.
இருபத்து மூன்று பிள்ளைகள், நாற்பது நிமிடம்,
பக்கத்து அறையில் கேக் வேகும் வாசனை.

மூன்றாவது நடுவர் வரவில்லை.
நீங்கள் தமிழாசிரியர்தானே,
கவிதைப் புத்தகம்கூடப் போட்டவர்தானே,
உட்காருங்கள் என்றார்கள்.
தாள்களில் பெயர் கிடையாது, எண் மட்டும்.

வயிறு எரிமலையாக இருந்தது ஆறு தாள்களில்.
நிலா தோசையாக இருந்தது நான்கில்.
சட்டைகள் எல்லாம் கிழிந்திருந்தன,
அம்மாக்கள் எல்லோரும்
ஈரத்துணி கட்டிப் படுத்திருந்தார்கள்.
ஒன்பதாம் எண்ணில் பசி ஏழு முறை.
கடைசி வரியில் ஒரு குழந்தை
குப்பைத்தொட்டியருகே விறைத்துக் கிடந்தது.

பதினேழாம் எண்.
'ழ'வின் வால் அடுத்த வரிவரை தொங்கும்.
தெரிந்த கை.

*சனிக்கிழமை எங்களுக்கு மணி அடிக்காது.
பன்னிரண்டரைக்குத் தம்பி
தட்டைக் கழுவி வாசலில் வைப்பான்.
அதில் மழை விழும்.
கொழுந்து நிறுத்துவிட்டு அம்மா வந்து
ஏண்டா இதை எடுத்தே என்பாள்.
ஞாயிறும் தட்டு கழுவுவான்.
திங்கள் காலை வாட்ச்மேன் கேட்பார்,
ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று.
பூட்டைப் பார்க்க வந்தோம் என்பேன்.*

பசி என்ற சொல்லே இல்லையே என்றார் ஒருவர்.
பாவம், லீவு நாளைப் பற்றி எழுதியிருக்கு என்றார்
இன்னொருவர், பிரியமாகத்தான்.
தலைப்பை ஒட்டி இல்லை என்று குறித்தார்கள்.
நான் பேனாவை மூடினேன், திறந்தேன்.
என் மாணவி என்று தெரிந்தால்
பாரபட்சம் என்பார்களே என்று நினைத்தேன்.
இல்லை, சரியாகச் சொல்கிறேன்:
என் தொகுப்பில் முப்பத்தொன்றாம் பக்கம்
ஒரு தோசை நிலா இருக்கிறது.
அதற்குத்தான் அதிகம் கைதட்டு வாங்கியிருக்கிறேன்.
கையெழுத்துப் போட்டேன்.

ஒன்பதாம் எண் மேடையேறி வாசித்தான்.
குழந்தை விறைத்த இடத்தில் குரல் உடைந்தது.
நடிப்பு இல்லை, மூக்கு சிவந்திருந்தது,
ப்ளேசர் கையில் துடைத்துக்கொண்டான்.
யோகராணி எல்லோரையும்விட
அதிக நேரம் கைதட்டினாள்.

திரும்பும் பஸ்ஸில்
அவள் மடியில் காகிதத் துண்டில் சுற்றிய கேக்.
சாப்பிடேன் என்றேன்.
தம்பிக்கு, என்றாள்.
இன்று சனிக்கிழமை என்பது
பைக்காரா தாண்டித்தான் எனக்கு உறைத்தது.

கூடலூரில் கேட்டாள்:
"சார், அந்த அண்ணன் கவிதையில
ஒரு பாப்பா வந்துச்சே, குப்பைத்தொட்டிகிட்ட.
அது எந்த ஊரு?"
நான் தண்ணீர் குடித்தேன்.
"யாருமே சோறு குடுக்கலையா?
அந்த அண்ணன் பாத்துச்சுல்ல,
அதாவது குடுத்திருக்கலாம்ல?"
அது கவிதை, என்றேன்.
"சரி சார்."
கொஞ்ச நேரம் கழித்து:
"ஆனா பாப்பா?"

நாடுகாணி தாண்டி யானை நின்றது.
டிரைவர் எஞ்சினையும் விளக்கையும் அணைத்தார்.
பஸ் முழுக்க வெண்ணெய் வாசனை.
பின்சீட்டில் ஒரு கைக்குழந்தை மூக்கை உறிஞ்சி
எங்கே என்று தேடியது.
அவள் இரண்டு கைகளாலும்
அந்தக் காகிதத்தை
இன்னும் இறுக்கி மூடினாள்.