நாற்பத்தோராவது கோப்பை

கடைவாய்ப் பல்லின் அடியில் சீழ்.
பெட்ஃபோர்டு இறக்கத்துப் பல் டாக்டர்
சீட்டில் இரண்டு மாத்திரை எழுதினார்.
"மூணு வேளை, அஞ்சு நாள், சாப்பிட்ட பிறகு."
என்ன வேலை என்று கேட்கவில்லை.
வாயைத் திறந்து வைத்திருப்பவனிடம்
யார்தான் வேலையைக் கேட்பார்கள்.

இரண்டாம் நாள் காலை
யாரோ என் வாயில் ஒரு சாவியை
வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.
மழையில் கிடந்த, துருவேறிய சாவி.
துப்பினேன். எச்சில்தான் விழுந்தது.
பற்பசையில் சாவி. இட்லியில் சாவி.
கொத்தமல்லிச் சட்னி
பேருந்துக் கம்பியை நக்கியதுபோல்.
"உப்பு தூக்கலா?" என்றாள் ரமணி.
உப்பு எங்கேயோ தூரத்தில்,
கேத்தி வளைவில் ரயில் கூவுவதுபோல் இருந்தது.

என் வேலை தேநீரைத் துப்புவது.
இருபத்திரண்டு வருஷமாய்
நாளைக்கு இருநூறு கோப்பை.
கரண்டியிலிருந்து சீழ்க்கைச் சத்தத்தோடு உறிஞ்சி,
அண்ணத்தில் அடித்து, துப்ப வேண்டும்.
விழுங்கினால் ராத்திரித் தூக்கம் போய்விடும்.
துப்புவதற்குள் சொல்லிவிட வேண்டும்:
எந்தச் சரிவு, எந்த மழை,
இலையை எத்தனை மணி நேரம் வாடப் போட்டார்கள்,
அடுப்புக்காரன் கண்ணயர்ந்தானா.
கம்பெனி சம்பளம் தருவது நாக்குக்கு.
மீதி உடம்பு
அதைத் தூக்கிக்கொண்டு குன்னூர் ஏறுகிறது.

அன்றைக்கும் வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில்
வெள்ளைக் கோப்பைகள் வரிசையாய் நின்றன.
முதல் கோப்பை: சாவி.
இரண்டாவது: சாவி.
பனிக்காலத்து எஸ்டேட் இலை,
கிலோ முந்நூறைத் தாண்டக்கூடியது,
அதுவும் அதே சாவி.

பக்கத்தில் நோட்டோடு பெனடிக்ட்.
பேனா காத்திருக்கிறது.

சொன்னேன்.
"சுறுசுறுப்பு இருக்கு, கனம் கம்மி."
"லேசாப் புகை."
"போன வாரத்துக்குப் பரவாயில்லை."
சாற்றின் நிறம் பார்த்துச் சொன்னேன்.
ஊறிய இலையின் செம்பைப் பார்த்துச் சொன்னேன்.
ஃபேக்டரியின் பெயர் பார்த்தும் சொன்னேன்,
சில சமயம்
பெனடிக்ட்டின் புருவத்தைப் பார்த்துக்கூட.

நாற்பத்தோராவதில் தயங்கினேன்.
தூனேரிப் பக்கத்துச் சின்ன ஃபேக்டரி.
முதலாளி பெள்ளிராஜ் போன மாதம் வந்திருந்தார்,
தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு.
கடன் வாங்கி டிரையரை மாற்றிவிட்டாராம்.
"இந்தத் தடவ குடிச்சுப் பாருங்க சார்."
குடித்தேன்.
"தட்டை," என்றேன். "பழைய மாதிரிதான்."
பேனா ஒரு நொடி நின்று, பிறகு எழுதியது.

வியாழக்கிழமை ஏலம்.
எதுவும் இடறவில்லை.
கொச்சியிலிருந்து வாங்குபவர் போன் செய்து
எப்போதும்போல் கச்சிதம் என்றார்.
நாற்பத்தொன்று தொண்ணூற்று நாலுக்குப் போனது.
எனக்குப் பயமாக இருந்தது அப்போதுதான்;
மாட்டிக்கொள்ளாததற்கு.

மாத்திரை முடிந்து மூன்றாம் நாள்
வெந்நீர் இனித்தது.
சமையலறையில் நின்று நாலு டம்ளர் குடித்தேன்.
ரமணி சிரித்தாள்.

ஆபீசில் யாரும் வருமுன்
அலமாரியில் மிச்ச மாதிரியைத் தேடினேன்.
ஒரு சிட்டிகை நிறுத்துப் போட்டு
ஆறு நிமிஷம் மணல் கடிகாரத்தைப் பார்த்திருந்தேன்.
வெளியே சாலையில் ஒரு காட்டெருமை
போஸ்டாபீஸ் மதிலை முகர்ந்துகொண்டிருந்தது.

முதலில் வெயில் பட்ட ஈரப்புல்.
அப்புறம் தவிட்டுப்பழத் தோலின் துவர்ப்பு,
நாக்கின் ஓரங்களை மட்டும் பிடித்து, விட்டு.
புகை இல்லை. தீய்ச்சல் இல்லை.
முடிவில் ஏதோ ஒன்று,
அதற்கு எங்கள் தொழிலில் சொல் இல்லை.
துப்பும் வாளி காலடியில்தான் இருந்தது.
விழுங்கினேன்.
கோப்பை முழுக்க.

அன்றிரவு தூங்கவில்லை.
போனில் பெள்ளிராஜின் எண்ணை எடுப்பதும்
வெளிச்சம் அணைவதுமாய் மணி நாலாயிற்று.

மறுவாரம் டாக்டர் ஈறை அழுத்திப் பார்த்தார்.
"நல்லா ஆறிடுச்சு.
மாத்திரையால வேற தொந்தரவு ஏதும்?"
"வாய் கொஞ்சம் கசந்தது."
"அது சிலருக்கு வரும்," என்றார்,
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.
"தானாப் போயிடும்.
இன்னும் கொஞ்சம் திறங்க."