இலக்கம் 4417

அவரை இறக்கியது கிரேன்.
நான் கையுறையோடு கீழே நின்று
"இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்றேன்,
வீடு மாறுகிறவர்களின் அலுமாரிக்குச் சொல்வதுபோல.

இப்போது ஒஷாவா நகரசபைக் களஞ்சியத்தில்
தெருவுக்குப் போடும் உப்பு மூட்டைகளுக்கும்
கிழிந்த கால்பந்து வலைகளுக்கும் நடுவே
நீலத் தறப்பாளின் கீழ் மல்லாந்து கிடக்கிறார்.
பதிவேட்டில்: 4417. மனிதர், பெரியது.

நூறு வருடம் ஏரிப்பக்கம் விரல் நீட்டி நின்றவர்.
படுக்கவைத்ததும் விரல் கூரையைக் காட்டுகிறது.
அங்கே ஒழுக்கு.
இதுவரை ஒருவரும் கவனிக்கவில்லை.

வெறும் பீடத்தில் யாரை ஏற்றலாம் என்று
சபை வீடுவீடாகப் படிவம் அனுப்பியது.
பிரித்து அடுக்குவது என் வேலை.
ஹொக்கி கோல்காப்பாளர் ஒருவருக்கு அறுநூற்றுச் சொச்சம்.
ஐந்து வீடு வாங்கி ஒன்பது வீடு விற்ற
பேரின்பநாயகத்துக்கு எண்பது,
எல்லாம் எங்கள் சங்கச் செயலாளரின் கையெழுத்தில்.
"ஆரும் வேண்டாம். வாங்கு ஒன்று போடுங்கள்,
முழங்கால் நோகுது" என்று ஒன்று.
பென்சிலால் ஒன்று:
"பஸ் ஓட்டுகிற மார்லீன். அன்றைக்கு அம்மாவை
ஆஸ்பத்திரி வாசலிலேயே இறக்கினா.
பஸ் அந்தப் பக்கம் போவதில்லை."
குழு அதைப் 'பிற' என்ற கட்டில் போட்டது.
மார்லீன் வேலை செய்வது இருந்தபடி.
பீடத்தில் நிற்கத்தான் இடம்.

"நீ ஆற்றை பேரைப் போட்டாய்?" டேரல் கேட்டான்.
சிரித்துவிட்டு உப்பு அள்ளப் போனேன்.

எனக்குப் பதினெட்டு வயது அப்போது.
இரவு. பசை வாளி. மதில்கள்.
சுதர்மனின் முகத்தை நானே ஒட்டினேன்,
பள்ளிக்கூடக் குழுப்படத்தில் வெட்டிப் பெருப்பித்தது.
முகத்துக்குக் கீழே, முகத்தைவிடப் பெரிதாய் ஒரு சொல்.
தவளைக்குப் பயந்து
கிணற்றடிக்கு என்னைத் துணைக்குக் கூப்பிடுகிறவன் என்று
எந்த மதிலும் சொல்லவில்லை.
சொல்லை அச்சடித்தவர்களுக்குத் தவளை தேவைப்படவில்லை.
எனக்கும், அந்த இரவில்,
தேவைப்படவில்லைத்தான்.
படத்தின் இடது ஓரத்தில்
வெட்டுக்குத் தப்பிய ஒரு துண்டுத் தோள்.
அது என்னுடையது.

என் படிவம் இன்னும் சட்டைப்பையில்.
பெயர் எழுதியாயிற்று.
'காரணம், இருபது சொற்களுக்குள்' காலி.

வெளியே பனி உருகத் தொடங்கிவிட்டது.
போகுமுன் ஒரு வாளியைத் தேடியெடுத்து
அவர் விரல் காட்டிய இடத்துக்கு
நேர் கீழே வைத்தேன்.