கதவு எண்

ஜனவரி. ஈசாஃப்யோர்துரில்
பகல் பதினொன்றுக்குத்தான் விடியும்.
அதற்குப் பிறகும் மலை குறுக்கே நிற்பதால்
வெயில் தெருவில் இறங்காது.
பனிச்சரிவுக் காவல் அலுவலகத்தில்
ஸ்டெயின்வோர் மூன்றாவது காபியில் இருக்கிறாள்.

சரிவில் புதைத்த கருவிகளோடு
பேசத் தெரிந்தவன் ஒருவன்தான்,
சி மொழிக்காரன், அவளைவிட நான்கு வயது மூத்தவன்.
மூல நிரல் எப்போதோ தொலைந்துவிட்டது.
அவன் கேட்பது கொஞ்சம்:
உன் மொழி எனக்கு வேண்டாம்
உன் பெயரும் வேண்டாம்
ஒரு முகவரி கொடு
பனி அசைந்தால் வந்து கதவைத் தட்டுகிறேன்.

அவளுடைய மொழியோ கறாரானது.
வாசலிலேயே வகை கேட்கும்.
முழு எண்ணா பின்னமா, வெறுங்கையோடு வரலாமா கூடாதா,
ஒரு காற்புள்ளி பிசகினாலும் கம்பைலர்
முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.
'வெளியாள்' என்று தொடங்கும் வரிக்கு மட்டும்
கண்ணை மூடிக்கொள்கிறது.
அங்கே அவள் எழுதியதெல்லாம் சத்தியம்.
யாரும் சரிபார்க்கப் போவதில்லை.

முதலில் இலைச் சண்டை தீர வேண்டும்.
பந்தி முடிந்ததும் எச்சில் இலையை எடுப்பது
அழைத்தவனா, வந்தவனா?
இருவரும் எடுத்தால்
அடுத்தவர் இலையும் சோற்றோடு போகும்.
இருவரும் விட்டால் குவியும்.
அழைத்தவனே எடுக்கட்டும் என்று
ஒற்றைச் சொல்லில் எழுதிவைத்தாள்.

பிறகு தன் செயற்கூறை ஒரு வீட்டில் குடிவைத்து
அந்த வீட்டின் எண்ணை மட்டும்
வெளியாள் கையில் கொடுத்தாள்.
ஆள் போகவில்லை, வீடு போகவில்லை.
பதினாறு இலக்கம் போனது, அவ்வளவுதான்.

சோதனையில் தட்டினான், திறந்தது.
மேசை மேல் சிவப்பு விளக்கு எரிந்தது.
எல்லோருக்கும் கேக் வாங்கினாள்.

பத்தொன்பது நாள் பனி அசையவில்லை.

அவள் மொழிக்குள் ஒரு துப்புரவுக்காரன் உண்டு.
நினைவகம் நிறைய நிறைய வலம் வருவான்.
ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே கேள்வி:
இதை அறிந்தவர் யாராவது இங்கே இருக்கிறார்களா?
இங்கே என்றால் அவனுக்கு மொழியின் எல்லை.
அதற்கு அப்பால் ஒருவன் சட்டைப்பையில்
முகவரியை வைத்துக்கொண்டு
காத்திருப்பது எப்படித் தெரியும்?
இடித்தான். மனையை வேறொருவருக்குக் கொடுத்தான்.
சட்டப்படி அதில் பிழை இல்லை.

இருபதாம் நாள் அதிகாலை நான்கு பத்துக்கு
மலை தோளைக் குலுக்கியது.
வெளியாள் சொன்ன சொல் தவறாமல் வந்தான்.
கதவிருந்த இடத்தில்
யாருடையதோ காற்றழுத்தக் கணக்கு
பாதியில் கிடந்தது.
அதையே கட்டளை என்று நம்பி
நிறைவேற்றப் போனான்.
நிரல் முழுவதும் சரிந்தது, சத்தமில்லாமல்.
விளக்கு எரியவில்லை.

கடற்கரைச் சாலையில் பனி தள்ளும் வண்டியோடு
தோர்லாகுர் வந்துகொண்டிருந்தான்.
எதிரே சாலை வெள்ளையில் முடிந்துபோயிருந்தது.
வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு
ஸ்டெயின்வோரின் எண்ணை அழுத்தினான்.
அக்குரேய்ரியில் தூக்கம் கலைந்த
முடிதிருத்தும் பெண் ஒருத்தி
"இங்கே அப்படி யாரும் இல்லை" என்றாள்.
கோடையில் எண்ணை மாற்றியவள்
பட்டியலில் மாற்ற மறந்திருந்தாள்.

யாருக்கும் எதுவும் ஆகவில்லை.
ஒரு தபால் பெட்டி, இருபது மீட்டர் வேலி.

சாயங்காலம் வரை தேடி
அவள் சேர்த்தது ஒரே வரி.
நிரல் முடியும்வரை அழியாத பட்டியலில்
அந்தச் செயற்கூறின் பெயர்.
உள்ளே யாருக்கும் தேவைப்படாவிட்டாலும்
இருக்க வேண்டும் என்று.

பிறகு தோர்லாகுரின் வண்டியில் ஏறி
கண்ணாடியில் ஒட்டிய தாளில்
பழைய எண்ணை அடித்தாள்.
குளிரில் பேனா எழுதவில்லை.
முனையை வாய்க்குள் வைத்துச் சூடாக்கி
மறுபடி கிறுக்கினாள்.
கடைசியில் இருப்பது ஏழா ஒன்றா என்று கேட்டான்.

பதில் சொல்லாமல் கீழே இறங்கி
சாலையின் அந்தப் பக்கம் போய் நின்றாள்.
அழைத்துப் பார், என்று கை காட்டினாள்.